எரிப்பதற்காகவே கட்டும் கோபுரம்: நோவோலி ஊரின் ஃபோக்கரா

கேள்வியில் இரண்டு பகுதி இருக்கிறது. "தெற்கு இத்தாலியில் ஒரு ஒயின் ஊரில், நம்ம பொங்கல் சமயத்தில், திராட்சைக் கொடிகளை மலை மாதிரி குவித்துக் கொளுத்துகிறார்களாமே, அது என்ன திருவிழா?" என்பது ஒன்று. "அவ்வளவு கொடியையும் வெட்டி எரித்துவிட்டால் அடுத்த வருஷம் எதிலிருந்து ஒயின் எடுப்பார்கள்?" என்பது இன்னொன்று. இரண்டாவதிலிருந்து ஆரம்பிக்கிறேன். அது புரிந்தால் திருவிழாவே பாதி புரிந்துவிடும்.

எரிக்க வேண்டும் என்பதற்காக அங்கே யாரும் ஒரு கொடியையும் வெட்டுவதில்லை. எப்படியும் வெட்டியே தீர வேண்டியதைத்தான் எரிக்கிறார்கள்.

கம்பம், சின்னமனூர் பக்கம் திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவர்களுக்குக் கவாத்து என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. காய்த்து ஓய்ந்த குச்சியை வெட்டிவிட்டால்தான் புதுத் துளிர் வரும், அந்தத் துளிரில்தான் பூங்கொத்து வரும். நம் பக்கம் கடுங்குளிர் கிடையாது என்பதால் திராட்சை தூங்குவதே இல்லை. விவசாயி என்றைக்குக் கவாத்து பண்ணுகிறாரோ அன்றைக்குத்தான் அதற்குப் பருவம் தொடங்கும். இந்தப் பந்தலை இந்த மாதம், அந்தப் பந்தலை அடுத்த மாதம் என்று மாற்றி மாற்றி வெட்டலாம். அங்கே அந்த வசதி இல்லை. செப்டம்பர் வாக்கில் அறுவடை, நவம்பரில் இலை உதிர்வு, அப்புறம் கொடி உறக்கம். அந்தக் குளிர்கால உறக்கத்துக்குள் வட்டாரம் முழுக்க ஒரே சமயத்தில் கவாத்துக் கத்தரியை எடுத்தாக வேண்டும். ஆக, டிசம்பர், ஜனவரியில் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் காலடியில் குச்சி. அதை என்ன செய்வது என்பதுதான் இந்தத் திருவிழாவின் முதல் கேள்வி.

ஊரின் பெயர் நோவோலி. இத்தாலி வரைபடத்தைக் காலணி என்பார்களே, அந்தக் காலணியின் குதிகால் சலெந்தோ என்ற பகுதி. அதன் பெரிய நகரம் லெச்சே. அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி, சுமார் 8,000 பேர் வாழும் சின்ன ஊர் நோவோலி. சுற்றிலும் சமவெளி, செம்மண், திராட்சையும் ஒலிவ மரமும். நெருப்புக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ஃபோக்கரா. அடுப்பு என்று பொருள்படும் ஃபோக்குஸ் என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பெயரிலேயே சமையலறை இருப்பதைக் கவனியுங்கள்.

காட்டு மரம் அதிகம் இல்லாத சமவெளியில் விறகு என்பது எளிதில் கிடைக்கிற பொருள் அல்ல. இன்று நமக்குக் குப்பையாகத் தெரியும் கவாத்துக் குச்சிதான் அந்தக் கால வீடுகளில் அடுப்பெரித்தது, ரொட்டி சுடும் சூளையைச் சூடாக்கியது. மெல்லிய குச்சி சடசடவென்று பற்றும், சீக்கிரம் பெரிய சூடு கொடுக்கும். ரொட்டிச் சூளைக்கு அதுதான் வேண்டும். ஆகவே ஒரு குடும்பம் தன் தோட்டத்துக் குச்சியிலிருந்து சில கட்டுகளை எடுத்துப் புனிதருக்கென்று கொடுத்தால், அது வேண்டாததைத் தள்ளிவிட்டதாகாது. பானை கொதிக்க வேண்டிய விறகில் ஒரு பங்கு. நம் ஊரில் கோயில் கொடைக்கு வீட்டுக்கு இத்தனை மரக்கால் நெல் என்று வசூலிப்பார்களே, அந்தக் கணக்குதான்.

கட்டுக்கு அவர்கள் மொழியில் சார்சினா என்று பெயர். வெட்டிய குச்சிகளை ஒரே பக்கமாக வாரி, முழங்காலால் அழுத்தி, நடுவில் இறுக்கிக் கட்ட வேண்டும். ஒரு கட்டில் கிட்டத்தட்ட 200 குச்சி இருக்கும் என்பார்கள். கட்டு தளர்ந்திருந்தால் அடுக்கும்போது உருவிக்கொண்டு வரும், கோபுரமே சரியும். உடனே எரிக்கவும் முடியாது. அன்றைக்கு வெட்டிய குச்சி ஈரம், புகையத்தான் செய்யும். சில வாரம் காய வேண்டும்.

இப்படிச் சேரும் கட்டுகள் எத்தனை தெரியுமா? 80,000 முதல் 90,000 வரை. கோபுரத்தின் உயரம் சுமார் 25 மீட்டர், அடிப்பாகம் குறுக்காக 20 மீட்டர். முதல்முறை இந்த எண்ணைப் படித்தபோது சுற்றுலாக்காரர்கள் ஊதிவிட்ட கணக்கு என்றுதான் நினைத்தேன். பிறகு காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். 10 மீட்டர் ஆரம், 25 மீட்டர் உயரம் கொண்ட கூம்பின் கொள்ளளவு ஏறக்குறைய 2,600 கன மீட்டர். அதை 80,000 கட்டால் வகுத்தால் கட்டுக்கு ஒரு கன அடிக்குக் கொஞ்சம் கூடுதல். இரண்டு கையால் அணைத்துத் தூக்குகிற ஒரு குச்சிக்கட்டு அவ்வளவுதான் இருக்கும். சரி, எண் பொய்யில்லை. எட்டு மாடிக் கட்டடத்தை வெறும் சுள்ளியில் கட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படம் எடுப்பவர்கள் எல்லாரும் தீப்பற்றிய பிறகுதான் எடுக்கிறார்கள். என்னைக் கேட்டால் இந்தத் திருவிழாவின் சூட்சுமம் அதற்கு முந்தைய வாரங்களில் இருக்கிறது. தித்தோ ஸ்கீப்பா சதுக்கம் என்ற திறந்தவெளியில் டிசம்பரிலேயே வேலை ஆரம்பித்துவிடும். (ஸ்கீப்பா லெச்சேயில் பிறந்த புகழ்பெற்ற ஓபரா பாடகர்.) வட்டம் வட்டமாகக் கட்டுகளை அடுக்கிக்கொண்டே போவார்கள், ஏற ஏற வட்டம் சுருங்கும். ஆள் உயரம் தாண்டியதும் நீண்ட மர ஏணிகளைச் சாய்ப்பார்கள். சில படிக்கு ஒரு ஆள், ஒருவர் காலடியில் இன்னொருவர் தலை. தரையில் நிற்பவர் கட்டைத் தலைக்கு மேல் தூக்கி நீட்ட, மேலே இருப்பவர் குனிந்து வாங்கி, அப்படியே தன் தலைக்கு மேல் நீட்டுவார். கட்டு கை மாறி மாறி உச்சிக்குப் போகும். ஒருவர் தாமதித்தால் மொத்த ஏணியும் நிற்கும், அதனால் எல்லார் கையும் ஒரே தாளத்துக்கு வந்துவிடும். ஓடு மாற்றும்போது நம் ஆட்கள் தரையிலிருந்து கூரைக்கு ஓட்டை வீசி வீசி ஏற்றுவதைப் பார்த்திருக்கிறீர்களா? அதே லாகவம். ஆனால் 25 மீட்டருக்கு, ஒரு மாதத்துக்கு.

இந்தக் கைப்பழக்கம் புத்தகத்தில் கிடையாது. எந்தக் கோணத்தில் வைத்தால் கட்டு வெளியே வழுக்காது, காற்று உள்ளே போக எவ்வளவு இடைவெளி விட வேண்டும், வடக்கத்திக் காற்று அடித்தால் எந்தப் பக்கம் சாயும் என்பதெல்லாம் அப்பா ஏணியில் நின்றபோது மகன் கீழே நின்று பார்த்துக் கற்றது. சில வருடங்களில் கோபுரத்தின் நடுவே ஆள் நடந்து போகும்படி ஒரு சுரங்க வழியும் விட்டுக் கட்டியிருக்கிறார்கள். சுள்ளிக்குள் வளைவு கட்டுவது லேசான காரியமில்லை.

ஜனவரி 16 காலை உச்சியில் பழத்தோடு ஒரு ஆரஞ்சுக் கிளையைச் செருகுவார்கள். புனிதரின் படத்தையும் மேலே ஏற்றுவார்கள். பிற்பகலில் ஆலயத்துக்கு முன் கால்நடைகளுக்கு மந்திரிப்பு. ஒரு காலத்தில் கழுதையும் குதிரையும் வந்த இடத்தில் இன்று நாயும் பூனையும் அதிகம். அப்புறம் புனிதர் சுரூபத்தோடு பவனி. இருட்டியதும் வாணவேடிக்கையோடு கோபுரத்தில் தீ வைப்பார்கள். விடிய விடிய எரியும். 17-ஆம் தேதி புனிதரின் திருநாள். 18 வரை விழா நீளும்.

யார் அந்தப் புனிதர்? இங்கேதான் தமிழ் வாசகர்கள் பலர் தடுக்கி விழுகிறார்கள். அந்தோணியார் என்றதும் நம் மனதில் வருவது கையில் குழந்தை இயேசுவும் லீலி மலருமாக நிற்கும் பதுவை அந்தோணியார். செவ்வாய்க்கிழமை வேண்டுதல், தொலைந்த பொருள், ஜூன் 13 திருநாள் எல்லாம் அவருடையது. நோவோலிக்காரர் அவர் இல்லை. இவர் ஏறக்குறைய தொள்ளாயிரம் வருடம் மூத்தவர்: எகிப்துப் பாலைவனத்தில் தவம் செய்த வனத்து அந்தோணியார். சுமார் 251-இல் பிறந்து 356-இல் இறந்தார் என்பது மரபு, அதாவது 105 வயது. அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியுஸ் அவருடைய வாழ்க்கையை எழுதினார். நம் ஊர்களிலும் வனத்து அந்தோணியார் ஆலயங்கள் உண்டு, திருநாளும் அதே ஜனவரி 17 தான். சுரூபத்தின் காலடியில் பன்றி, கையில் ஆங்கில டி எழுத்து வடிவில் ஊன்றுகோல், அதில் ஒரு மணி இருந்தால் அவர் இவர்தான்.

பாலைவனத் துறவிக்கும் பன்றிக்கும் நெருப்புக்கும் என்ன சம்பந்தம்? இதற்கு விடை ஒரு பூஞ்சை. கம்புப் பயிரில் தேனொழுகல் நோய் என்று நம் விவசாயிகள் சொல்வார்களே, அந்தப் பூஞ்சையின் நெருங்கிய உறவு ஒன்று ஐரோப்பாவில் ரை தானியத்தில் பிடிக்கும். அந்த மாவில் சுட்ட ரொட்டியைத் தின்றவர்களுக்கு ரத்தக் குழாய் சுருங்கி, கை கால் தீயில் வைத்ததுபோல் எரியும், முற்றினால் கருகி விழும். பதினோராம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சில் அந்தோணியார் பெயரில் ஒரு துறவியர் சபை தோன்றி இந்த நோயாளிகளைப் பராமரித்தது. நோய்க்கே அந்தோணியார் நெருப்பு என்று பெயர் வந்துவிட்டது. பன்றிக் கொழுப்பில் களிம்பு செய்து எரியும் தோலில் பூசுவார்கள். அதற்காகச் சபை வளர்த்த பன்றிகள் கழுத்தில் மணியோடு தெருவில் மேயலாம், யாரும் கைவைக்கக் கூடாது. நெருப்பு, பன்றி, மணி மூன்றும் புனிதரோடு ஒட்டிக்கொண்ட கதை இதுதான். அக்கி வந்தால் இத்தாலியர்கள் இன்றும் அந்தோணியார் நெருப்பு என்றே சொல்கிறார்கள்.

பாட்டிமார் சொல்லும் கதை இன்னும் சுவாரஸ்யம். சார்தீனியாத் தீவில் இது பிரபலம். உலகத்தில் நெருப்பே இல்லாமல் மனிதர்கள் நடுங்கிக்கொண்டிருந்தார்களாம். அந்தோணியார் தன் பன்றியோடு நரகத்து வாசலுக்குப் போனார். பன்றி உள்ளே புகுந்து அதம் பண்ண, பேய்கள் அதைத் துரத்திக்கொண்டு ஓட, இவர் நிதானமாகத் தன் ஊன்றுகோலின் நுனியைத் தணலில் வைத்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். கோல் ஃபெருலா என்ற செடியின் தண்டு. அதன் உள்சோறு வெளியே தெரியாமல் கனன்றுகொண்டே இருக்கும். கிரேக்கப் புராணத்தில் பிரமீத்தியஸ் வானிலிருந்து நெருப்பைத் திருடி வந்ததும் இதே மாதிரித் தண்டுக்குள்தான்.

இதை வைத்துக்கொண்டு "ஆகவே ஃபோக்கரா கிறிஸ்தவத்துக்கு முந்தைய சூரிய வழிபாடு" என்று எழுதிவிடுவார்கள். எனக்கு அந்த அவசரம் பிடிப்பதில்லை. நெருப்பு எல்லா நாட்டிலும் பழையதுதான். ஆனால் கையில் இருக்கும் தடயம், அந்தோணியார் நோவோலியின் பாதுகாவலராக ஏற்கப்பட்ட 1664-ஆம் ஆண்டு. அதற்கு மேல் இருக்கும் காரணத்தைத் தோட்டத்திலேயே பார்க்கலாம்: கவாத்தும் குளிரும் புனிதரின் நாளும் ஒரே வாரத்தில் வந்து விழுகின்றன. அந்த வாரத்தில் தீ வைக்கும் ஊர் நோவோலி மட்டுமா? அப்ரூட்சோ பகுதியின் ஃபாரா ஃபிலியோரும் பெத்ரியில் நாணல் கட்டுகளைத் தூண்போல் நிறுத்தி எரிக்கிறார்கள். 1799-இல் பிரெஞ்சுப் படையை அந்தோணியார் விரட்டியதன் நினைவு என்பது அவர்கள் கதை. ஸ்பெயினில் சான் பர்த்தொலொமே தெ பினாரெஸ் என்ற மலையூரில் 16 இரவு நெருப்புக்கு நடுவே குதிரை ஓட்டுகிறார்கள். ஊருக்கு ஊர் கையில் எது கிடைக்கிறதோ அது எரிகிறது. நோவோலியில் கிடைத்தது திராட்சைக் குச்சி.

பொங்கலோடு ஒட்டி வருவது? தற்செயல்தான். சொக்கப்பனை, போகி, மாட்டுப் பொங்கல் எல்லாவற்றையும் இதோடு முடிச்சுப் போட ஆசை வரும், எனக்கும் வந்தது. ஆனால் அந்தோணியார் திருநாள் ஆங்கில நாட்காட்டியில் அசையாமல் ஜனவரி 17-இல் நிற்கிறது. தை முதல் நாளோ நட்சத்திரக் கணக்கு. ஏறக்குறைய எழுபது வருடத்துக்கு ஒரு நாள் வீதம் பின்னால் தள்ளிப் போய்க்கொண்டே இருக்கிறது. 1664-இல் பொங்கல் ஜனவரி 9, 10 வாக்கில் வந்திருக்கும். இப்போதைக்கு இரண்டும் பக்கத்து வீடு, அவ்வளவே.

ஒயினைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. இந்தக் குச்சிகளில் பெரும்பங்கு நெக்ரோஅமாரோ என்ற கருந்திராட்சையுடையது. பல காலம் சலெந்தோ ஒயினுக்குத் தனிப் பெயர் கிடையாது; வெளிறிய வடக்கத்தி ஒயினுக்கு நிறமும் வலுவும் ஏற்ற மொத்தமாக வண்டியில் போய்க்கொண்டிருந்தது. பக்கத்து ஊரான சலிச்சே சலெந்தினோவில், போர் நடந்துகொண்டிருந்த 1943-இல், இதே திராட்சையில் செய்த ரோஜா நிற ஒயினைப் புட்டியில் அடைத்தார்கள். ஃபைவ் ரோசஸ் என்று ஆங்கிலத்தில் பெயர், ஏனென்றால் வாங்கியவர்கள் அமெரிக்கப் படையினர். இத்தாலியில் புட்டியில் விற்கப்பட்ட முதல் ரோஜா ஒயின் என்று அதைச் சொல்கிறார்கள். 1976-இல் சலிச்சே சலெந்தினோ ஒயினுக்கு அதிகாரபூர்வ ஊர்ச் சான்று கிடைத்தது. தன் பெயரில் விற்க ஆரம்பித்து அரை நூற்றாண்டுதான் ஆகிறது.

இப்போது கஷ்டமான பகுதி. ஃபோக்கராவுக்கு வேண்டியது திராட்சை மட்டும் இல்லை. ஒரு குறிப்பிட்ட வகைத் தோட்டமும் வேண்டும். அங்கே பழைய தோட்டங்களில் கொடிக்குக் கம்பியும் இல்லை, பந்தலும் இல்லை. இடுப்பளவு குட்டை மரமாகத் தானே நிற்கும்படி வெட்டி வெட்டி வளர்ப்பார்கள். ஆல்பெரெல்லோ என்பார்கள், சின்ன மரம் என்று அர்த்தம். அதற்குள் இயந்திரம் நுழையாது, ஆள்தான் குனிய வேண்டும். ஆள் வெட்டினால்தான் குச்சி முழுசாக, கட்டக்கூடியதாகக் கிடைக்கும். ஐரோப்பாவில் ஒயின் தேவைக்கு மேல் பெருகியபோது, 1980-களின் பிற்பகுதியிலும் மறுபடி 2008-க்குப் பிறகும், தோட்டத்தை வேரோடு பிடுங்கினால் பணம் என்று ஐரோப்பிய ஒன்றியம் திட்டம் போட்டது. வயதானவர்கள் வாங்கிக்கொண்டார்கள். கூலி கட்டுப்படியாகாத குட்டை மரத் தோட்டம்தான் முதலில் போனது. புதிதாக வைப்பவர்கள் கம்பி கட்டி வரிசையாக வைக்கிறார்கள்; அங்கே குச்சியை இயந்திரம் அங்கேயே அரைத்து மண்ணில் போட்டுவிடும். மண்ணுக்கு அது நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் கட்டு கிடைக்காது. சுற்றியுள்ள ஊர்த் தோட்டங்களிலிருந்தும் திரட்டித்தான் 80,000 சேர்க்க வேண்டியிருக்கிறது, இலவசமாகவும் வராது.

அதோடு ஒலிவ மரங்களைக் கொன்ற பாக்டீரியா. சைலெல்லா என்ற அது 2013-இல் கல்லிப்போலி அருகே கண்டுபிடிக்கப்பட்டு, சலெந்தோவின் லட்சக்கணக்கான மரங்களைச் சாம்பல் நிற எலும்புக்கூடாக்கியது. அங்கே பரவிய வகை திராட்சையைத் தொடவில்லை என்பதுதான் ஒரே ஆறுதல். 2024-இல் பாரி நகரத்தருகே திரிஜ்ஜானோவில் திராட்சையைத் தாக்கக்கூடிய வேறொரு வகை தலைகாட்டியிருக்கிறது. அது தெற்கே இறங்கிவிடக் கூடாது என்பதுதான் இப்போது எல்லாருடைய கவலையும்.

புகையைப் பற்றிக் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அந்த ராத்திரி ஊர்க்காற்று மோசமாகத்தான் இருக்கும், மூச்சிரைப்பு உள்ளவர்கள் போகவேண்டாம் என்றே சொல்வேன். இதே குச்சியை ஆளாளுக்குத் தோட்டத்தில் எரித்தாலும் அதே புகை வரும் என்பது ஊர் தரப்பின் பதில். அதில் உண்மை இருக்கிறது, ஆனால் அரைத்து உரமாக்கலாம் என்ற மூன்றாவது வழி வந்தபிறகு அந்தப் பதில் பழைய பலத்தோடு இல்லை. எனக்கு உறுத்துவது வேறு. சமீப ஆண்டுகளில் பெரிய மேடைக் கச்சேரி, யானிஸ் குநெல்லிஸ், தனியேல் புரேன் மாதிரி உலகப் பெயர்பெற்ற கலைஞர்களின் பங்களிப்பு என்று விழா வளர்ந்திருக்கிறது. அவர்கள் வந்தது நல்லதுதான். ஆனால் சுவரொட்டியில் அவர்கள் பெயர் இருக்கிறது, ஏணியில் நின்றவர்கள் பெயர் இல்லை.

போய்ப் பார்க்க ஆசை இருந்தால் லெச்சேயில் தங்குவது வசதி. 16 மாலைக்கு மட்டும் போனால் கூட்டத்தின் முதுகைத்தான் பார்ப்பீர்கள். முந்தைய நாளோ அதற்கும் முன்போ ஒரு பகல் முழுக்கச் சதுக்கத்தில் நின்று, கட்டு கை மாறி மேலே போவதைப் பாருங்கள். கம்பளி எடுத்துப் போங்கள், குதிகாலில் இரண்டு பக்கமும் கடல், குளிர் எலும்பில் ஏறும். எரிகிற இரவில் நைலான் மேலங்கி மட்டும் வேண்டாம். பொறி பறக்கும், ஓட்டை விழும்.